கிரீன் கார்டும் வளைகாப்பும்

போன வாரம் பழைய நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பெண்ணுக்கு அமெரிக்க வரன் ஒன்று கூடி வந்திருக்கிறது. பையன் அங்கே ஆராய்ச்சிப் பணியில் இருக்கிறார்.

"அவனுக்கு இன்னும் மூணு நாலு மாசத்துல கிரீன் கார்டு வந்துடுமாம். அது வந்த பிறகு கல்யாணத்தை வச்சுக்கலாம்னு சம்பந்தி வீட்ல சொல்றாங்க. நல்லதுதானே?" என்றார்.

அவர் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள், "முதல்ல கல்யாணம், அப்புறம் கார்டு" என்றேன். நான் போட்ட சத்தத்தில் என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஆனால் ஏன் என்று கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். நண்பருக்குச் சொன்ன காரணத்தை மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் பத்திரப் பதிவுத் துறையில் 34 ஆண்டுகள் இருந்து, சார்பதிவாளராக ஓய்வு பெற்றவன். எங்கள் துறையில் தேதிதான் எல்லாம். ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்றவன் வந்து நின்றால், முதலில் பார்ப்பது யாருடைய பத்திரத்தின் தேதி முந்தியது என்பதைத்தான். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 47ஆம் பிரிவை அந்த நாளில் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஊரார் தேதிகளையெல்லாம் இத்தனை கவனமாகப் பார்த்த நான், என் பெண் கல்யாணத் தேதியில் கோட்டை விட்டேன்.

1997 ஆவணியில் கும்பகோணத்தில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை டெக்சாஸில் கம்ப்யூட்டர் வேலை. பத்து நாள் விடுப்பில் வந்திருந்தார். புரட்டாசியில் கல்யாணம் கூடாது, ஐப்பசியில் அவருக்கு விடுப்பு இல்லை, மார்கழி ஆகாது என்று கழித்துக் கழித்துத் தை மாதத்துக்கு வந்து சேர்ந்தோம். "அதுக்குள்ள கிரீன் கார்டும் வந்துடும். கல்யாணம் முடிஞ்ச கையோட பெண்ணை அழைச்சுண்டு போயிடலாம்" என்றார் சம்பந்தி. எல்லோரும் தலையாட்டினோம். நவம்பரில் கார்டு வந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயசம். 1998 பிப்ரவரி முதல் வாரத்தில் கல்யாணம் நடந்தது. என் பெண் என்பதால் என் கையெழுத்து வேண்டாம் என்று மாப்பிள்ளை ஊர் அலுவலகத்தில் திருமணத்தைப் பதிவு செய்தோம். அந்தச் சான்றிதழை இணைத்து மார்ச் மாதம் மாப்பிள்ளை அங்கே மனுப் போட்டார்.

"எத்தனை மாசம் ஆகும் மாப்பிள்ளை?" என்று போனில் கேட்டேன்.

சற்று நேரம் பதில் இல்லை. பிறகு, "மாசம் இல்ல மாமா, நாலு வருஷத்துக்கு மேல ஆகும் போலிருக்கு" என்றார்.

அன்றுதான் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தைப் பற்றி நான் முதல் முறையாகப் படிக்க ஆரம்பித்தேன். தெரிந்துகொண்டது இதுதான். அங்கே மூன்று விதமான கணவன்மார்கள் உண்டு. முதலாமவர் அமெரிக்கக் குடிமகன். அவர் மனைவிக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது, காகிதங்கள் நகர்கிற நேரம்தான். இரண்டாமவர் தற்காலிக வேலை விசாவில் இருப்பவர். அவர் மனைவி ஹெச்-4 விசாவில் சில வாரங்களில் போய்ச் சேரலாம். 1970ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழி செய்தது. மூன்றாமவர்தான் கிரீன் கார்டு வைத்திருப்பவர், அதாவது நிரந்தரவாசி. அவர் மனைவி மட்டும் வரிசையில் நிற்க வேண்டும். தற்காலிகமாக இருப்பவன் மனைவியோடு குடித்தனம் நடத்தலாம், நிரந்தரமாக இருப்பவன் தனியாகச் சமைத்துச் சாப்பிட வேண்டும்!

இதில் ஒரு நுணுக்கம். கார்டு கிடைப்பதற்கு முன்பே திருமணம் ஆகியிருந்தால், மனைவி அந்தக் கணவனின் இடத்தோடு ஒட்டிக்கொண்டே பின்னால் போகலாம். கார்டு கிடைத்த மறுநாள் தாலி கட்டினால்கூட அந்த உரிமை போய்விடும். எங்கள் வீட்டில் இடைவெளி மூன்று மாதம்தான். ஆவணியில் மாப்பிள்ளை இங்கேதான் இருந்தார். 1967ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நம் மாநிலத்தில் உற்றார் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலே செல்லத்தக்க இந்துத் திருமணம். ஒரு கோயிலில் எளிமையாக நடத்திப் பதிவு செய்துவிட்டு, தை மாதத்தில் விமரிசையாக மறுபடி வைத்திருக்கலாம். அப்படி அவசரமாகக் கட்டிக்கொண்டு பதிவுக்கு வந்த ஒன்றிரண்டு ஜோடிகளை நான் என் மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு மாதிரியாகப் பார்த்ததும் உண்டு. அவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

சரி, இந்த வரிசை எப்படி வந்தது?

நம்மவர்களுக்கு அமெரிக்கக் கதவு நெடுங்காலம் சாத்தியே இருந்தது. 1917ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியோடு இந்தியாவையும் தடை செய்தது. 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர்கள் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946 ஜூலையில் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டம்தான் கதவை ஒருக்களித்தது. அதுவும் ஆண்டுக்கு 100 இந்தியர்!

அதே காலத்தில் இன்னொரு காட்சி. இரண்டாம் உலகப் போரில் வெளிநாடுகளில் மணம் முடித்த அமெரிக்கச் சிப்பாய்களின் மனைவிமார்களுக்காக 1945 டிசம்பர் 28இல் ஒரு தனிச் சட்டம் கொண்டு வந்தார்கள். ஒதுக்கீட்டு எண்ணிக்கை எதுவும் அவர்களைக் கட்டுப்படுத்தாது. 'அர்ஜென்டினா' என்ற கப்பல் நூற்றுக்கணக்கான மனைவிகளையும் கைக்குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு 1946 ஜனவரியில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து கிளம்பி, பிப்ரவரி 4இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தது. பிரசவம் நெருங்கியவர்களைக் கப்பலில் ஏற்றவில்லை. அவர்கள் பெற்றுப் பிழைத்துக் குழந்தையோடு அடுத்த கப்பலுக்குக் காத்திருந்தார்கள். ஆனால் அது சில மாதக் காத்திருப்பு. அரசாங்கம் மனம் வைத்தால் குழந்தைக்குத் தொட்டில் கட்டிக் கப்பலே விடும் என்பதற்கு இது சாட்சி.

1952ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிரந்தரவாசியின் மனைவி மூன்றாம் முன்னுரிமை. 1965 அக்டோபர் 3ஆம் தேதி அதிபர் ஜான்சன் சுதந்திர தேவி சிலையின் அடியில் உட்கார்ந்து கையெழுத்திட்ட சட்டத்தில் இரண்டாம் முன்னுரிமை. நம் டாக்டர்களும் என்ஜினியர்களும் போக வழி திறந்ததும் அந்தச் சட்டம்தான். முன்னுரிமை என்றால் முதலில் விடுவார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. எண்ணிக்கை உண்டு, வரிசை உண்டு என்று பொருள்.

1986இல் ஒரு சட்டம் போட்டு, முறையான காகிதம் இல்லாமல் அங்கே வாழ்ந்துகொண்டிருந்த சுமார் 27 லட்சம் பேருக்கு நிரந்தரவாசம் கொடுத்தார்கள். பெரும்பாலோர் மெக்சிகோக்காரர்கள். அவர்களும் மனிதர்கள்தானே, தங்கள் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு மனுப் போட்டார்கள். 1990ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாம் முன்னுரிமைக்கு ஆண்டுக்கு 1,14,200 இடம் ஒதுக்கியது. அதில் மனைவி, சிறு குழந்தைகளுக்குச் சுமார் 88,000. வந்து குவிந்த மனுக்களோ பல லட்சம். அந்த வரிசையின் வாலில்தான் கும்பகோணத்திலிருந்து என் பெண்ணும் போய் நின்றாள்.

"வரிசை நகரும்வரை சுற்றுலா விசாவில் போய் வரலாமே" என்று பலர் சொன்னார்கள். போய்க் கேட்டோம். கிடைக்கவில்லை. விண்ணப்பிப்பவர் அங்கேயே தங்கிவிட நினைக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை அவர் தலையிலேயே வைக்கிறது 1952 சட்டத்தின் 214(பி) பிரிவு. அங்கே குடியேற மனுப் போட்டிருக்கிறாள் என்பதே என் பெண்ணுக்கு எதிரான சாட்சி. மனைவி என்பதால் குடியேற முடியாது, குடியேறப் போகிறவள் என்பதால் பார்க்கவும் போக முடியாது. அண்ணா மேம்பாலம் பக்கத்தில் விடியற்காலை வரிசையில் நின்று திரும்பிய அன்று, பஸ்ஸில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாப்பிள்ளை ஆண்டுக்கு ஒரு முறை மூன்று வாரம் வருவார். 1999 டிசம்பரில் வந்து போன பிறகு, தை பிறந்ததும் என் பெண் தாயாகப் போகிறாள் என்று தெரிந்தது. வீட்டில் சந்தோஷமும் கவலையும் சரிபாதி. மூன்றாம் மாதம், ஐந்தாம் மாதம் என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். அமெரிக்காவில் மாதா மாதம் வெளிவரும் விசா அறிக்கையில் வரிசைத் தேதி எவ்வளவு நகர்ந்தது என்று மாப்பிள்ளை எண்ணிக்கொண்டிருந்தார். சில மாதம் ஒரு வாரம்கூட நகராது. வயிறு மட்டும் நாள் தவறாமல் வளர்ந்தது.

ஆனியில் வளைகாப்பு. காலை பத்தரை மணி, அங்கே நள்ளிரவு. கூடத்தில் பெண்கள் வளையல் அடுக்கும்போது, என் மனைவி தொலைபேசி ரிசீவரை மகளின் கை அருகே பிடித்துக்கொண்டாள். "கேக்குதா மாப்பிள்ளை?" என்று கேட்டாள். என்ன பதில் வந்ததென்று எனக்குத் தெரியாது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரிசீவரை மகளிடம் கொடுத்துவிட்டாள்.

செப்டம்பரில் பேத்தி பிறந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது நம் வழக்கம், அதில் குறை இல்லை. ஆனால் மூன்றாம் மாதம், ஐந்தாம் மாதம் ஆனால் தகப்பன் வீட்டுக்குப் போக வேண்டாமா? எங்கே போவது? மாப்பிள்ளைக்கு ஜனவரியில்தான் விடுப்புக் கிடைத்தது. நாலு மாதக் குழந்தை, அவர் கையில் எடுத்ததும் வீறிட்டு அழுதது. அவர் கூடத்து நடுவில் குழந்தையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். "பழகிடும் மாமா" என்றார். பத்தாம் நாள் அது அவரைப் பார்த்துச் சிரித்தது. பதினோராம் நாள் அவருக்கு விமானம்.

அந்தத் தடவை அவர் ஒரு செய்தியும் கொண்டு வந்திருந்தார். 2000 டிசம்பர் 21ஆம் தேதி அதிபர் கிளின்டன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார். இப்படிப் பிரிந்து கிடக்கும் குடும்பங்களுக்காக 'வி' என்று ஒரு புது விசா. அன்றைய தேதிக்குள் மனுப் போட்டு மூன்று ஆண்டு காத்திருந்த மனைவியும் குழந்தைகளும் அமெரிக்காவுக்குப் போய், மீதிக் காத்திருப்பை அங்கே கணவனோடு இருந்துகொண்டே கழிக்கலாம். வேலை பார்க்கவும் அனுமதி உண்டு.

எங்கள் மனு 1998 மார்ச். 2001 மார்ச்சில் மூன்று ஆண்டு முடிந்தது, ஏப்ரலில் அந்த விசாவைக் கொடுக்கத் தொடங்கினார்கள். மனுப் போட்ட பிறகு பிறந்தவள் ஆனாலும் பேத்தியும் தாயோடு போகலாம். நகராட்சியில் பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்த்து, பாஸ்போர்ட் எடுத்து, மருத்துவப் பரிசோதனை முடித்து, நேர்முகத்துக்குப் போய், ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் இருவரும் விமானம் ஏறினார்கள். நிச்சயதார்த்தம் நடந்து சரியாக நாலு வருஷம். பேத்திக்கு இன்னும் ஒரு வயது நிறையவில்லை.

எங்கள் கதை இப்படி முடிந்தது. என்னோடு வேலை பார்த்த நண்பர் வீட்டில் வேறு மாதிரி. அவர் பெண்ணுக்கு 2001இல் கல்யாணம், மாப்பிள்ளைக்கு 1999 முதல் கார்டு. 2000 டிசம்பர் 21க்குப் பிறகு போட்ட மனுவுக்கு வி விசா கிடையாது. ஆகவே மாப்பிள்ளை ஐந்தாண்டு முடிந்து குடியுரிமை வாங்கட்டும் என்று காத்திருந்தார்கள். குடிமகன் ஆகிவிட்டால் மனைவி வரிசையிலிருந்து விடுபடுவாள் அல்லவா?

2004 மார்ச்சில் தஞ்சாவூரில் குழந்தை பிறந்தது. மே மாதம் மாப்பிள்ளை குடியுரிமைப் பிரமாணம் எடுத்தார். இனிப்பு கொடுத்தார்கள். பிறகுதான் விஷயம் தெரிந்தது. நிரந்தரவாசியின் மனைவியாக வரிசையில் நின்றபோது, குழந்தை தாயின் மனுவோடு சேர்ந்தது. குடிமகனின் மனைவியானதும் அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி மனு. தாயின் காகிதம் முன்னால் போய்விட்டது, இரண்டு மாதக் கைக்குழந்தைக்கு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. பால்குடி மறக்காத பிள்ளையை விட்டுவிட்டு எந்தத் தாய் போவாள்? அவள் தன் நேர்முகத்தையே தள்ளிப் போட்டாள்.

அந்தப் பிரமாணம் குழந்தை பிறப்பதற்கு ஒரு நாள் முன்னால் நடந்திருந்தாலும் குழந்தை பிறக்கும்போதே அமெரிக்கக் குடிமகன். தகப்பன் குழந்தை பிறப்பதற்கு முன் ஐந்தாண்டு அந்த நாட்டில் வாழ்ந்திருந்தால் போதும், அதில் இரண்டாண்டு 14 வயதுக்குப் பிறகு இருக்க வேண்டும். 1986 வரை இது பத்தாண்டாக இருந்தது. தூதரகத்தில் பிறப்பைப் பதிந்துகொண்டு பாஸ்போர்ட் வாங்கிக் கொண்டு போயிருக்கலாம், விசாவே வேண்டாம்.

இன்னும் சில சங்கதிகள். குடியேற்ற விசாவுக்கு மார்பு எக்ஸ்ரே கட்டாயம். கர்ப்பிணிக்கு வயிற்றை மறைத்து எடுக்கலாம், அல்லது பிரசவம் வரை தள்ளிப் போடலாம். தள்ளிப் போட்டால் விசாவும் தள்ளிப் போகும். விசா கைக்கு வந்தாலும் அதன் ஆயுள் பொதுவாக ஆறு மாதம்தான். எட்டாம் மாதம் தாண்டினால் விமானக் கம்பெனிக்காரர்கள் தயங்குவார்கள். ஆக இந்தப் பக்கம் ஆறு மாதம், அந்தப் பக்கம் பத்து மாதம், நடுவில் முகூர்த்தம், ஆடி, மார்கழி என்று ஒரு வீட்டில் எத்தனை பஞ்சாங்கத்தைப் பார்ப்பது!

சட்டம் குழந்தையை அடியோடு மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. தாய்க்கு விசா கொடுத்த பிறகு, அவள் கிளம்புவதற்கு முன் குழந்தை பிறந்தால், அதற்குத் தனி விசா வேண்டாம். தாயோடு போகலாம். இது 1924ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. கார்டு உள்ள தாய் தற்காலிகமாக ஊருக்கு வந்த இடத்தில் பெற்றாலும், இரண்டு வயதுக்குள் முதல் முறை திரும்பும் தாயோடு குழந்தையை விசா இல்லாமல் விடுவார்கள். பிறந்த குழந்தைக்கு இத்தனை யோசித்தவர்கள், அதைச் சுமக்கிறவள் யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் எண்ணிக்கைக்குள் வைத்துவிட்டார்கள்.

அந்த வரிசை இன்றும் இருக்கிறது. 2019 ஜூலையில் காலியாகி, காத்திருப்பே இல்லை என்ற நிலை வந்தது. 2023 ஏப்ரலில் மறுபடி வரிசை கட்டினார்கள். கூடும், குறையும். இன்றைய நிலவரத்தை விவரம் தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், என் வார்த்தையை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

எங்கள் மாப்பிள்ளை 2003இல் குடியுரிமை வாங்கினார். அப்போது எங்கள் பேத்திக்கும் தனி மனு போட வேண்டித்தான் வந்தது. ஆனால் அவள் அதற்குள் தகப்பன் தோளில் ஏறிக்கொண்டு பள்ளிக்குப் போகிறவள். மனு எத்தனை மாதம் கிடந்தால் என்ன?

இதையெல்லாம் கேட்ட நண்பர் ஜாதகத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "அந்த நாளில் உங்க வீட்டுப் பெரியவங்க ஏதோ தோஷம், அதான் பொண்ணு இங்கேயே இருக்கான்னு சொன்னாங்களே" என்றார்.

சொன்னார்கள்தான். திருநாகேஸ்வரத்துக்கும் திருமணஞ்சேரிக்கும் போய் வந்தோம். அர்ச்சனைச் சீட்டுகளை என் மனைவி இன்னும் வைத்திருக்கிறாள். 1997 ஆவணியில் நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கார்டு வரும் தேதி எது, அதற்கு முன் நல்ல நாள் எது என்று.

நண்பர் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "இந்த மாசமே பதிவு பண்ணணும்னா சார்பதிவாளர் ஆபீஸ்ல என்னென்ன கேப்பாங்க?" என்றார். உட்காரச் சொல்லி ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தேன்.